ஒரு பள்ளிக்கு இரண்டு பேர்

மூன்றாவதாக வந்தவளுக்கு இடமில்லை, நான்காவதாக வந்தவனுக்கு இடமுண்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தையல்காரிக்கு எரிந்தது. மகளின் கணக்கு டீச்சர் நீட்டிய போட்டி முடிவுப் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தரமும், கீழிருந்து மேலாக ஒரு தரமும் படித்துவிட்டாள். முதலிடம் மகளோடு படிக்கும் கண்ணாடிக்காரி, தொண்ணூற்றொன்று. அடுத்தது அதே வகுப்பு நெட்டை, எண்பத்தெட்டு. மகள் எண்பத்தேழு. அதற்கடுத்து வேறு பள்ளிப் பையன், அறுபத்துநான்கு. அவன் பெயருக்கு எதிரே ‘தேர்வு’ என்று இருந்தது. மகள் பெயருக்கு எதிரே வெறும் கோடு.

இந்தக் கணக்குப் போட்டிக்கு மூன்று சுற்றுகள். முதல் சுற்று அவரவர் பள்ளியிலேயே நடக்கும்; பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதலாம். அதில் தேறியவர்கள் இரண்டாவது சுற்றில் ஊரிலுள்ள மற்ற பள்ளிகளோடு மோத வேண்டும். அங்கிருந்து பத்துப் பேர் மூன்றாவது சுற்றுக்குத் தலைநகர் போவார்கள். எல்லாம் ஒன்பதாம் வகுப்போடு சரி. மகள் இப்போது ஒன்பதாவது. இந்த வருஷத்தை விட்டால் விட்டதுதான்.

ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் மூன்றாவது சுற்றுக்கு எடுக்க மாட்டார்களாம். இல்லாவிட்டால் பெரிய பள்ளிகளே பத்து இடத்தையும் வாரிக்கொண்டு போய்விடுமாம். நியாயமான விதிதானே என்று டீச்சர் வேறு கேட்டார்.

“மூணு பேரும் வேற வேற ஸ்கூல்ல படிச்சிருந்தா மூணு பேருமே போயிருப்பாங்கம்மா,” என்றார் ஆறுதலாக.

இந்த ஆறுதலுக்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம். ஒன்றாகப் படித்ததுதான் குற்றமா என்று தையல்காரி குரலை உயர்த்தினாள். டீச்சர் மகளின் போட்டி விண்ணப்பத்தைப் புரட்டிக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில் அந்த விதி கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே தையல்காரியின் கையெழுத்து. மடியில் பாதி மடித்துத் தைத்த பேண்ட்டோடு, ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டுக் கொடுத்தது.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் விதியை விட்டு அந்த இரண்டு பெண்கள் மேல் தாவியது. அவர்களைத் தேற்றிவிட்டதே இவள் வீடுதான். மூன்று மாதமாகத் தினமும் ஐந்து மணிக்குத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு வெட்டுமேசையை விட்டுக் கொடுத்தாள். கறுப்பு லைனிங் துணியில் தையல் சாக்பீஸால் முக்கோணம் போட்டு மகள்தான் இருவருக்கும் பாடம் நடத்தினாள். அதற்கு முன்பு கண்ணாடிக்காரிக்கு விகிதக் கணக்கு என்றாலே அழுகை வரும். தைக்கக் கொடுத்தவர்களிடம் நாளை வா, நாளை வா என்று சாக்குச் சொல்லி ஏச்சு வாங்கியதெல்லாம் இதற்குத்தானா? இனி அதுகள் இரண்டும் வாசல்படி மிதிக்கக் கூடாது, மகளும் அதுகளுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லித் தரக் கூடாது. வீடு வருவதற்குள் வார்த்தைகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

மகள் வெட்டுமேசையருகே உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

“ரெண்டு பேருதான்னு ஃபாரத்துல போட்டிருக்கே. நான்தான் பாக்கல. நீயாவது படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“படிச்சேன்மா.”

“படிச்சிட்டுமா அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்தே?”

மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எப்படியும் நான்தான் ஃபர்ஸ்ட் வருவேன்னு நெனச்சேன்.”

தையல்காரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதல் பிஸ்கட்டை எப்போதும் அந்த இரண்டு பெண்களுக்கே நீட்டியதுகூட, பாவம், எப்படியும் தோற்கப் போகிறதுகள்தானே என்ற தாராளத்தில்தான்.

“இப்ப ரெண்டு பேரும் ஃபோன் பண்ணாங்க,” என்றாள் மகள். “மூணாவது சுத்துக்கும் என்னையே சொல்லித் தரச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்கன்னும் சொல்லிட்டேன்.”

பஸ்ஸில் தையல்காரி யோசித்து வைத்திருந்ததும் இதேதான். மகள் வாயிலிருந்து அது வந்தபோது கேட்கச் சகிக்கவில்லை.