முதலைப் பண்ணை வழியாகச் சிங்கப்பூர்

சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை சிங்கப்பூருக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்தார். பெயர் தாமோதரன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருஷமாக அணுமின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அங்கே எதற்கும் முதலில் ஒத்திகைதான். நெருப்புப் பிடித்தால் எப்படி ஓடுவது என்று நெருப்பே இல்லாத நாளில் ஓடிப் பார்ப்பார்கள். ஒரு பம்பு நின்றுவிட்டால் ஓட்டப் பக்கத்திலேயே அதற்கு ஸ்டாண்ட்பை இருக்கும். அந்த ஸ்டாண்ட்பைக்கு இன்னொரு ஸ்டாண்ட்பை இருக்கும். வேலைக்கு இது நல்ல பழக்கம். தாமோதரனோ தினமும் சாயங்காலம் அதையும் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் இரண்டு இஸ்திரிப் பெட்டி, இரண்டு டார்ச் லைட், இரண்டு தேங்காய்த் துருவி. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்த அந்த டிசம்பரில், கம்ப்யூட்டரே இல்லாத தன் வீட்டில் ஒரு மூட்டை அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கி அடுக்கியவர் அவர். "பிள்ளைங்க ரெண்டு பெத்ததும் ஸ்டாண்ட்பைக்குத்தானா?" என்று மனைவி தெய்வநாயகி கேட்டால், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார்.

அந்த இரண்டாயிரமாவது வருஷக் கோடையில்தான் சிங்கப்பூர்ப் பயணம் முடிவானது. புதுப்பட்டினம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த ஊர் ரயில் வரைபடத்தை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். மிருகக்காட்சி சாலைக்கு ஒரு நாள், செந்தோசாத் தீவுக்கு ஒரு நாள், பாலம் தாண்டிப் பக்கத்து நாட்டு ஜோகூருக்கு ஒரு நாள். ரயில் ஓடாவிட்டால் பஸ், பஸ் வராவிட்டால் டாக்ஸி, டாக்ஸிக்காரன் மறுத்துவிட்டால் நடந்து போக நிழல் இருக்கும் பக்கம் எது என்பது வரை கேட்டு வைத்திருந்தார். இவ்வளவு செய்த மனிதர் எதிர்பார்க்காதது ஒன்றே ஒன்று. மகள் ஸ்வாதி வரமாட்டேன் என்றாள்.

ஸ்வாதி கல்லூரி முடித்துவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் பெங்களூரில் வேலையில் சேர வேண்டும். அதற்கப்புறம் லீவு கிடைக்கும், கிடைக்காது. கல்யாணம் வரும், மாமியார் வருவாள். நாலு பேரும் சேர்ந்து போவது இதுதான் கடைசியாக இருக்கும் என்று தாமோதரனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில்தான் சேமிப்பையெல்லாம் வழித்தெடுத்து இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தார். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் சுவரில் ரயில் வரைபடம் ஒட்டினார்.

"மைசூர் ஞாபகம் இருக்காப்பா?" என்றாள் ஸ்வாதி. "பிருந்தாவனத்துல கலர் விளக்கு போட்டாங்க. ஊரே 'ஆ'ன்னு பார்த்துச்சு. நீங்க என்ன சொன்னீங்க? 'விளக்கு போட்டாச்சு, பார்த்தாச்சு, கிளம்பு, பஸ்ல சீட் கிடைக்காது'ன்னீங்க. ஊட்டியில படகுல ஏறினதுமே இறங்குற வரிசை எங்கேன்னு விசாரிச்சீங்க. எனக்கு வேணாம்ப்பா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

தாமோதரனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், தொழில் தெரிந்தவர் பேசுகிற மாதிரி பேசினார். "அப்ப ஒத்திகை பார்க்கல, அதான் கோளாறு. இந்தத் தடவை ஒரு டிரில் வைக்கிறேன். மாமல்லபுரத்தைச் சிங்கப்பூர்னு வச்சுக்கோ. நீதான் பார்வையாளர். நீ பாஸ் போட்டா வரணும்."

"ஃபெயில் போட்டா?"

"போட மாட்ட," என்றார் தாமோதரன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் அவருக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பிய கோலத்தைக் கண்ட டவுன்ஷிப்வாசிகள் யாரும் சுலபத்தில் மறந்திருக்க மாட்டார்கள். நாலு பேர் காலிலும் ஷூ. பட்டுப்புடவைக்குக் கீழே தெய்வநாயகி காலிலும் ஷூ. ஆளுக்கொரு சூட்கேஸ். விமானத்தில் விடுகிற எடை சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளே பழைய பேப்பரைத் திணித்திருந்தார். தாமோதரன் தலையில் தொப்பி, இடுப்பில் பை. பைக்குள் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ரேஷன் கார்டு நகல். புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்தான் விமான நிலையம். அங்கே குடும்பத்தை வரிசையில் நிறுத்தி, தானே குடியேற்ற அதிகாரியாகவும் மாறி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று மனைவியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்களுக்குக் கழுத்த நீட்டினதுக்காக," என்றாள் தெய்வநாயகி தமிழில்.

மீன்கூடையோடு நின்றிருந்த அம்மாள் ஒருத்தி, "இன்னா சார், சொந்த வூட்டம்மாவையே யாருன்னு கேட்டுகினு கீற? ஒடம்பு சொகமில்லியா?" என்று விசாரித்தாள். ஒன்பதாவது படிக்கிற ரோஹித் அக்கா முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பார்வையாளர் ஸ்வாதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் தாமோதரன் விதிகளை ஒரு தடவை ஒப்பித்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமையான விதி, தொலைந்துபோவது பற்றியது. யாராவது தொலைந்துவிட்டால், தொலைந்தவர் தொலைந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. மற்றவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடத்தின் வாசலில் காத்திருக்க வேண்டும். குழுத் தலைவர் திரும்பிப் போய்த் தொலைந்தவரை மீட்டு வருவார். ஆளுக்கு ஆள் தேடிக்கொண்டு அலைகிற குழப்பமே கிடையாது. மூவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து முதலைப் பண்ணைக்குப் போக வேண்டும். அதுதான் சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலை. பஸ் தயாராக நின்றது. மூவரையும் அவர்கள் பெட்டிகளோடு ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அத்தோடு ஏறி உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் தாமோதரன் புத்தி சும்மா இருக்குமா? இந்த பஸ் வழியில் நின்றுவிட்டால் ஸ்டாண்ட்பை எது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? தன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நேரக் காப்பாளர் அறைக்குப் போனார். தலைவர் கையைவிட்டுப் பெட்டி இறங்கக் கூடாது என்பதும் ஒரு விதி. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் இரண்டையும் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு திருப்தியாகத் திரும்பிப் பார்த்தபோது, முதல் பஸ் போயே போய்விட்டது.

கொஞ்ச தூரம் ஓடினார். சூட்கேஸோடு எவ்வளவுதான் ஓட முடியும்? புழுதி அடங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. தொலைந்தவர் அவர். மீட்க வேண்டிய தலைவரும் அவர். விதியை எழுதும்போது, தான் தொலைந்துபோவோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போன் பண்ணலாம் என்றால், அந்த வருஷம் கல்பாக்கத்தில் செல்போன் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாமோதரன் அந்த விரல்களில் ஒன்றல்ல. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் பார்வையாளர் அப்புறம் மார்க் போடுவாளே! விதிப்படி தொலைந்தவர் அசையக் கூடாது. அசைந்தால் ஃபெயில். தெய்வநாயகி எதிர் பஸ்ஸில் திரும்பி வந்து, தான் அங்கே இல்லாமல் போனால் அது இன்னும் பெரிய ஃபெயில். பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த தலசயனப் பெருமாள் கோயில் பக்கமாகச் சூட்கேஸை வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியது. தொப்பியையும் ஷூவையும் பெட்டியையும் பார்த்து, சங்கு மாலைக்காரர்கள் அவரிடம் இங்கிலீஷில் பேசினார்கள். கல் பிள்ளையாரை மடியில் வைத்துவிட்டு ஒருவன் டாலரில் விலை சொன்னான். "நான் கல்பாக்கம்யா" என்று அவர் சொன்னதும் பிள்ளையாரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பொழுது போகாமல் சூட்கேஸைத் திறந்து பழைய பேப்பரை எடுத்துப் படித்தார். போன பங்குனிச் செய்தி.

எதிர்ச்சாரியில் ஆட்டோ போட்டிருந்த தேவசகாயம் என்கிற டிரைவர் ரொம்ப நேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"இன்னா சார், காலைலேந்து குந்திகினே கீறீங்க. பஸ்சு வர்து, போவுது. யாருக்கு வெயிட்டிங்கு?"

"நான் தொலைஞ்சுட்டேன்," என்றார் தாமோதரன்.

"யாரு, நீங்களா? இங்கதானே கீறீங்க!"

"குடும்பம் முதலைப் பண்ணை வாசல்ல இருக்கு."

"தெரியுதுல்ல? அப்பால இன்னா, போவ வேண்டியதுதானே?"

"போகக் கூடாது. தலைவர் வந்து கூட்டிட்டுப் போகணும்."

"எந்தக் கட்சி தலைவரு சார்?"

"நான்தான்."

தேவசகாயம் அவரைத் தலையிலிருந்து ஷூ வரை ஒரு தடவை பார்த்தார். "வெயிலு பேஜாரு பண்ணிச்சு போல," என்று முணுமுணுத்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

சோடா உள்ளே இறங்கியதும் தாமோதரனுக்குத் தன் மேலேயே ஒரு சலிப்பு வந்தது. இத்தனை நேரம் அந்த மூன்று பேரும் வெயிலில் வாசலில் நிற்பார்கள். ரோஹித்துக்குப் பசி தாங்காது. தெய்வநாயகிக்குத் தலைவலி வரும். ஸ்வாதி எப்போதோ ஃபெயில் போட்டிருப்பாள். இனிமேல் விதியாவது, வெங்காயமாவது! "ஏறுங்க சார்" என்று தேவசகாயம் சொல்வதற்குள் பெட்டியை ஆட்டோவுக்குள் தள்ளி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நாலைந்து வாக்கியம் தயார் செய்தார். ஒன்று சரிப்படாவிட்டால் இருக்கட்டும் என்று ஸ்டாண்ட்பைக்கு இரண்டு.

முதலைப் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் மூன்று பேரும் சூட்கேஸ்களைக் கீழே படுக்கப்போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஷூவெல்லாம் ஒரு பக்கம் கிடந்தது. நுங்கு தின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா சிரிப்பு இல்லை. தெய்வநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஸ்வாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா தோளில் சாய்ந்தாள்.

தாமோதரன் ஆட்டோவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். முதலில் வயிறு எரிந்தது. நான் அங்கே வெயிலில் காய்ந்து கிடக்க, இவர்களுக்கு நுங்கு கேட்கிறதா என்று கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய்விட்டது. தெய்வநாயகி இப்படிச் சிரித்து அவர் கடைசியாகப் பார்த்தது கல்யாணமான புதிதில். மைசூரில், ஊட்டியில், கொடைக்கானலில் இவர்கள் மூன்று பேரும் இப்படி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இன்றைக்கு என்ன புதுசு? அவர் இல்லை, அவ்வளவுதான். எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கத்தானே ஒத்திகை. கண்டுபிடித்தாகிவிட்டது.

தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நேரே போய் அவர்கள் முன்னால் நின்றார். மூன்று பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். தான் நினைத்தது சரிதான் என்பதற்கு அதுவே அவருக்குப் போதும் என்றிருந்தது.

"ஸ்வாதி, நீ போயிட்டு வாம்மா," என்றார். "அம்மாவையும் தம்பியையும் கூட்டிட்டுப் போ. நான் வரல. நான் இல்லாமப் போனா நீங்க நல்லா இருக்கீங்க. நானே இப்ப கண்ணால பார்த்தேன்."

தெய்வநாயகி பதறி எழுந்தாள். "என்னங்க பேச்சு இது? முகமெல்லாம் எப்படிக் கருத்துப்போச்சு பாருங்க!"

"நாங்க எதுக்குச் சிரிச்சோம்னு நினைச்சீங்க?" என்றாள் ஸ்வாதி.

"எதுக்கோ. நல்லாத்தானே இருந்தீங்க."

"டேய், அப்பா மாதிரி செஞ்சு காட்டுடா."

ரோஹித் தயங்கினான். அப்புறம் எழுந்து, வயிற்றை முன்னே தள்ளி, இல்லாத தொப்பியைச் சரி செய்து, குரலைக் கனமாக்கி, "முதலை கடிச்சா பதறக் கூடாது. ஸ்டாண்ட்பை கால் எங்கே?" என்றான். தெய்வநாயகி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தள்ளி நின்ற தேவசகாயம் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"காலைலேருந்து இதாம்ப்பா. மைசூர்ல நீங்க பண்ணது, ஊட்டியில நீங்க பண்ணது, இன்னைக்கு அந்த மீன்காரம்மா உங்களக் கேட்டது. முதலையப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்களப் பத்தித்தான் பேச்சு," என்றாள் ஸ்வாதி. குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க வரலைன்னா அங்க போய் நாங்க மூணு பேரும் என்னத்தப்பா பேசுறது? பெங்களூர்ல போய் நான் யாரை நினைச்சுச் சிரிக்கிறது?"

தாமோதரனுக்கு இது திட்டா பாராட்டா என்று பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று மகள் பக்கத்தில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்தார். கால் ஷூவை உதறினார்.

"அப்ப டிரில் பாஸா?"

"சுத்தமா ஃபெயில்," என்றாள் ஸ்வாதி. "நான் வரேன்ப்பா."

"எந்தெந்த இடத்துல ஃபெயில்னு சொன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தவர் வாயில் தெய்வநாயகி ஒரு நுங்கைத் திணித்தாள்.