அப்பாவின் கட்டைவிரல்

"வெட்டி ஒட்டுறதெல்லாம் துணியோட வெச்சுக்கோம்மா. கோர்ட்டுக்கு முழுசா வேணும்" என்றார் வக்கீலம்மா.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். 'அப்பா, மாடி ரூம்ல தையல் கடை போட்டுக்கவா? அது எனக்கே எனக்குன்னு இருக்கணும்' என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்டிருந்தேன். அதற்குக் கீழே அப்பா போட்ட கட்டைவிரல் படம்.

அம்மா போய், பின்னாலேயே அப்பாவும் போய், வீடு அண்ணன் கைக்கு வந்தது. 'மாடியில் சும்மா இருக்க விட்டேன், இந்த மாதத்துக்குள் காலி செய்' என்று அவன் நோட்டீஸ் அனுப்பிவிட்டான். என் மெஷின்களும் பிழைப்பும் அந்தக் கட்டைவிரலில் தொங்கின.

குழு தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் வக்கீலம்மா அச்செடுத்தார். ஒவ்வொரு தாளிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்று தனியாக உறுதியும் தர வேண்டும். பிரிண்டர் முனகி முனகித் தள்ள, பழைய நாட்கள் சூடு ஆறாமல் மேஜையில் வந்து விழுந்தன.

'சாப்டாச்சா?' என்று அம்மா.

'இல்ல. இன்னிக்கு உங்க பொண்ணு சமையல். எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு' என்று அண்ணன்.

அதற்கு அப்பாவின் கட்டைவிரல். 'கரண்ட் போச்சு' என்றாலும் கட்டைவிரல். 'அத்தை கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காங்க' என்றதற்கும் கட்டைவிரல். கீழே அம்மா: 'அது உங்க அக்காங்க. விரலை எடுங்க.' அதற்கும் ஒரு கட்டைவிரல்.

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. வக்கீலம்மா சிரிக்கவில்லை.

"எதிர்க்கட்சி வக்கீல் முதல்ல இந்தத் தாளைத்தான் தூக்குவார். அக்கா கால் உடைஞ்சதுக்கும் சம்மதம், கடைக்கும் சம்மதமான்னு கேப்பார்."

"அப்பா நிஜமாவே சரின்னா போன் பண்ணிச் சொல்வார் மேடம். கூப்பிட்டுப் பேசினாத்தான் எங்க வீட்ல சம்மதம்."

"கடைக்குக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

"சாட்சி?"

அடுத்த தாளைப் புரட்டினேன். நான் மறந்தே போயிருந்த அண்ணனின் கிண்டல் அங்கே இருந்தது.

'இப்பதான் அப்பா போன் பண்ணார். மாடி ரூம் இனி மகாராணிக்குத்தானாம், அவளா வேணாம்னு சொல்ற வரைக்கும். மெஷின் தூக்க நான் வரணுமாம், கூலி கிடையாதாம். நாளைக்கு வர்றேன் மகாராணி.'

சொன்னபடி மறுநாள் வந்தான். படிக்கட்டுத் திருப்பத்தில் மெஷின் சிக்கிக்கொள்ள, சுவரோடு நசுங்கி நின்றபடி, "அடியே, என்னையும் சேத்துத் தெச்சுடாத" என்றான். கீழே நின்ற அப்பா அவனுக்கு நிஜக் கட்டைவிரலையே உயர்த்திக் காட்டினார்.

"இது போதும்மா" என்று வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அண்ணன் தன் வாயாலேயே சொல்லிட்டார்."

"தாக்கல் பண்றதுக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு தடவ காட்டட்டுமா?"

"எப்படியும் அவங்களுக்கு ஒரு நகல் போகும். ஆனா ஜெயிக்கிற நேரத்துல இப்படிக் கேக்குற ஆளை இப்பதான் பாக்குறேன்."

அந்தத் தாளைப் படமெடுத்து, நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியிருந்த குழுவில் போட்டேன். எதுவும் எழுதவில்லை.

அவன் பார்த்துவிட்டதாகக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

அவ்வளவுதானா? வக்கீலம்மா தாள்களை என் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்தேன்.

போன் அடித்தது. நோட்டீஸ் வந்ததிலிருந்து ஒரு தரம்கூடக் கூப்பிடாத அண்ணன்.

"இதோ பாரு" என்றான். "அந்த மெஷினை எறக்கறதுக்கெல்லாம் என்னால வர முடியாது. அன்னிக்குப் புடிச்ச இடுப்பு இன்னும் நேராகல. அது அங்கயே இருக்கட்டும்."