பசை ஊர் விசாரிக்கும் நேரம்

எங்கள் திசையன்விளையில் பல் அடைக்கும் பசை, பல்லிடம் ஊர் பேர் விசாரித்த பிறகுதான் ஒட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விசாரிக்கிற மாதிரிதான். விசாரித்து முடிப்பதற்குள், பசையை இறுக வைக்கும் நீல விளக்கை அடித்துவிட்டால் பசை அந்நியமாகவே நின்றுவிடும். இரண்டு நாளில் அடைப்பையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடும்.

என் முன்பல்லில் வைத்த அடைப்பு இரண்டு முறை அப்படிப் போய்விட்டது. நான் கபடி நடுவர். ஓர் ஆட்டக்காரனின் முழங்கை இடித்து முன்பல் பாதி உடைந்திருந்தது. விசிலைக் கடித்துப் பிடிக்க அந்தப் பல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, எங்கள் ஊருக்கும் ஓசூருக்கும். உள்ளூர்க்காரன் நடுவராக இருப்பதற்கு ஓசூர் அணியே சம்மதித்திருந்தது. சுயம்புலிங்கம் ஒரு பக்கம் சாயமாட்டான் என்று எனக்கு அப்படி ஒரு பெயர். பொக்கை வாயோடு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குக் கவலையாக இருந்தது.

டாக்டர் ஜெபக்கனி உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"வெளிய இருக்க எனாமல் யாரு வந்தாலும் ஒட்டிக்கிடும், அண்ணாச்சி. உள்ள இருக்க டென்டின் அப்படி இல்ல. ஈரமான ஆளு, லேசுல பழகாது. கம்பெனிக்காரன் பசைய இருபது செகண்டு தேய்க்கச் சொல்லுதான். இன்னைக்குக் கூடக் கொஞ்ச நேரம் தேய்ச்சுப் பாப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"அதத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்."

சின்னத் தூரிகையால் தேய்க்க ஆரம்பித்தார். பேச்சு கன்ன எலும்பு வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது. தனக்கு ஓசூர் என்றது பசை. சாப்பாடெல்லாம் ஆயிற்றா என்று கேட்டது. பல் 'ம்' என்றது. முன்பு இரண்டு முறையும் இந்த இடத்தில்தான் விளக்கை அடித்திருக்கிறார்கள். டாக்டர் நிறுத்தவில்லை. பல் மெல்ல இளகி, வீட்டில் கூட்டம் அதிகம், கடைவாய்ப் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தது.

"என்ன பேசுதாவ?" என்றார் டாக்டர்.

வாய் திறந்திருந்ததால், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று கையைக் காட்டினேன். அவருக்கும் ஆசைதான். தேய்த்துக்கொண்டே இருந்தார். விசாரித்துக்கொண்டே போனதில், பசையின் தாத்தாவும் என் பல்லின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள் என்று தெரிந்தது. பங்காளி முறை. அதற்குப் பிறகுதான் காற்றடித்து விளக்கைக் காட்டினார். வீட்டுக்குப் போய் முறுக்கைக் கடித்துப் பார்த்தேன். அடைப்பு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பையன் கோட்டை மிதித்ததும் ஊதினேன். மைதானம் முழுக்கக் கேட்டது. ஓசூர்ப் பையன் மிதித்தபோதும் ஊதினேன். சத்தம் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. முன்பல் விசிலை நெரித்துப் பிடித்திருந்தது.

பங்காளிக் கதை தெரிந்த எங்கள் கேப்டன் இசக்கிமுத்து பக்கத்தில் வந்தான்.

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாவ. பல்லுமா அண்ணாச்சி?"

சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இத்தனை வருஷமாகக் காப்பாற்றிய பெயர் என் வாய்க்குள்ளேயே கெட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து டாக்டர் ஜெபக்கனி, "கொஞ்சம் கூடிப் போச்சு போல. அடுத்த ஆளுக்குக் கொறைச்சுப் பாக்கணும்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து என் வாய்க்கு நேரே காட்டினேன். விதிப்படி இரண்டு நிமிஷம் வெளியே இருக்க வேண்டும்; அதுவரை அதன் அணியில் ஓர் ஆள் குறையும். பல் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, மைதானத்தைக் கடந்து, ஓசூர்க்காரர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் அதன் தோளில் ஒரு துண்டைப் போட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் கையைத் தூக்கி ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். ஓசூர் அணி விதி தெரிந்த அணி. தங்களில் ஒருவனைக் குறைத்துக்கொண்டு ஆறு பேராகக் களத்தில் நின்றார்கள்.