ஞாயிறு காலை ஆறு மணி மெயில்

சனிக்கிழமை மதியம் காசிலிங்கம் எமில்டாவின் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய மீன் கம்பெனியிலிருந்து சென்னையிலுள்ள பன்னிரண்டாயிரம் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புவது அவள் வேலை.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போற மாதிரி ஷெட்யூல் பண்ணிரு. ‘இன்று அதிகாலை தூத்துக்குடியில் பிடித்த விளைமீன்’னு தலைப்புப் போடு.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழம, அண்ணாச்சி. எங்க ஆளுக ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாங்க.”

“அது சென்னைக்காரனுக்குத் தெரியவா போவுது? ஐஸ்ல கெடக்குத மீன அனுப்புவோம்.”

எமில்டாவுக்குச் சுரீரென்றது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ‘அன்புடன், எமில்டா, மீனவர் மகள்’ என்று போடச் சொன்னவரும் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை வலையைத் தொடாத அப்பாவை இழுத்து வந்து பொய்ச் சாட்சி சொல்ல வைப்பதா?

அவள் விறுவிறுவென்று தட்டினாள். ஆறு மணி என்றே நேரம் வைத்தாள். பொத்தானை அழுத்திவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘இன்று ஞாயிறு. எங்கள் ஊரில் யாரும் மீன் பிடிப்பதில்லை. ஐஸில் வைத்த சனிக்கிழமை விளைமீன் இருக்கிறது. புதுமீன்தான் வேண்டுமென்றால் நாளை வரை பொறுங்கள்.’

காசிலிங்கத்தின் முகம் சிவந்தது. “ஏளா, இத எவன் வாங்குவான்? மாத்து!”

“மாத்த மாட்டேன். வேணும்னா என் பேர எடுத்துட்டு நீங்களே அனுப்புங்க.” எமில்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு ஆறு மணிக்கு எங்க ஊரே மாதா கோயில்ல பூசையில நிக்கும். அதிகாலைல மீன் பிடிச்ச ஆள அங்க வந்து காட்டுங்க, அண்ணாச்சி.”