மூச்சு வாங்கும் இடம்

எங்கள் சபையில் பாதிப் பேர் கல் குவாரிக்காரர்கள். நெஞ்செல்லாம் தூசி. எந்த ஞானப்பாட்டானாலும் இரண்டாம் வரி முடிந்ததும் நின்று மூச்சு வாங்கித்தான் மூன்றாம் வரிக்கு வருவார்கள். புத்தகத்தில் அந்த நிறுத்தம் கிடையாது. பதினொரு வருஷமாகப் பியானோவில் நான் காத்திருந்து கொடுத்தது அது. நானும் கல் உடைத்த கைக்காரன்தான். வேகம் வராது, காத்திருக்க வரும்.

என் மனைவியின் தம்பி கப்பல் உணவுக்கூடத்தில் பியானோ வாசிப்பவன். லீவில் வந்தவன், சனிக்கிழமை காலிச் சபையில் உட்கார்ந்து எங்கள் பாட்டையே ராக்டைம் என்கிற பழைய அமெரிக்கத் துள்ளல் நடையில் வாசித்தான். இடது கை அடிக்கட்டைக்கும் நடுக்கட்டைக்கும் தாவித் தாவிச் சீராக நடந்தது. வலது கை தாளத்துக்கு முந்தியும் பிந்தியும் விழுந்து குறும்பு பண்ணியது. போதகருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நாளைக்கு நீங்களே வாசிங்க தம்பி" என்றார். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் ஒருநாள் ஓய்வு" என்றார்.

நான் ஓய்வு கேட்கவில்லை.

"இவன் வாசிச்சா தூங்குறவங்களும் முழிச்சுக்குவாங்க" என்றாள் மனைவி. நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"மாமா, நாளைக்கு நான் எதாவது கவனிக்கணுமா?" என்று அவனே கேட்டான்.

"என்ன இருக்கு மாப்ள. புத்தகத்துல உள்ளதுதான்."

மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாம் வரிக்குக் காத்திருந்தேன். வரி முடிந்தது. சபை மூச்சுக்கு நின்றது. அவன் இடது கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆள் கவிழ்ந்தான் என்று நினைத்தேன். ஜனங்கள் பிந்தி வந்து இரண்டு தாளத் தட்டுக்கு நடுவே மூன்றாம் வரியைப் பிடித்தார்கள். ராக்டைமுக்கு அந்தப் பிந்தல்தானே உயிர். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அடுத்த சரணத்தில் அந்த இடைவெளியில் ஒரு கைப்பிடி சுரங்களை அள்ளி இறைத்தான். குவாரியில் வெடி வைப்பவர் எழுந்து கைதட்டினார். எனக்கு அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

வெளியே வந்ததும், "அந்த மூச்சு வாங்குற எடம் பிரமாதம் மாமா. சொல்லவே இல்லயே?" என்றான்.

"மறந்துட்டேன்."

"பதினோரு வருஷமா வாசிக்கிறவருக்கு மறந்துருச்சாம்" என்றாள் மனைவி. தம்பி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

போதகர் வந்தார். "தம்பி இருக்கிற வரைக்கும் அவரே வாசிக்கட்டுமே?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசிக்கட்டும்" என்றேன். "எத்தன நாள் லீவு மாப்ள?"

"கப்பல் வேலைய விட்டுட்டேன் மாமா. அக்கா சொல்லலயா?"