இருநூற்றுப் பன்னிரண்டு கள்ளிகளுக்கு வழி

உலகத்துக் கள்ளிச்செடிகளில் பாதி அக்காவின் மொட்டைமாடியில் இருந்தன. மீதிப் பாதி, அங்கே இடம் காலியாவதற்குக் காத்திருந்தன. அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு செடிகளையும் படம் பிடித்து, செடிக்கு ஒரு பக்கமாகக் கணினியில் போட்டுத் தருவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். அன்று ஐந்து மணிக்குத் தோட்டச் சங்கத்து நடுவர்கள் தங்கள் மன்றத்துக் கணினியில் அதைப் பார்க்க இருந்தார்கள். பதினோரு வருடமாக இரண்டாம் பரிசு வாங்கியே அலுத்துப்போனவள் அக்கா.

மணி மூன்றரை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்.

"என்னடா, செடியெல்லாம் எழுந்து நடந்துபோயிடுச்சா?"

"வழி தப்பிடுச்சுக்கா."

பென் டிரைவில் ஏற்றி இன்னொரு கணினியில் திறக்க வேண்டியிருந்ததால் படத்தின் முழு விலாசம் உதவாது. 'இந்தப் பக்கத்திலிருந்து இத்தனை ஃபோல்டர் வெளியே வா, பிறகு படங்கள் ஃபோல்டருக்குள் போ' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வழியைக் கணக்கிட யாரோ எழுதிவைத்த ஆயத்தமான குட்டி நிரல்கள், ஃபங்ஷன்கள், எத்தனையோ உண்டு. அவற்றை எடுத்துப் போடுவது தம்பிக்குக் கௌரவக் குறைச்சல். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு சொந்தமாக ஒன்று எழுதினான். அது பக்கத்துக்குப் பக்கம் மூன்று ஃபோல்டர் வெளியே வரச் சொன்னது. பக்கமோ இரண்டு ஃபோல்டருக்குள்தான் இருந்தது.

"மூணு எங்கேர்ந்து வருது?" தம்பி திரையையே கேட்டான்.

"நீ எப்படி எண்ணுறேன்னு எனக்குக் காட்டு. இந்த வீட்டை வெச்சே காட்டு" என்றாள் அக்கா.

அவன் ஒரு தாளில் எழுதினான்: "இரண்டாம் மாடி. முதல் மாடி. என் வீட்டுக் கதவு. மொத்தம் மூணு. மூணு மாடி இறங்கினா தெரு."

இரண்டாம் மாடியில் இருந்த அவன் வீட்டிலிருந்து இறங்கினார்கள். மூன்று மாடி இறங்கி முடித்தபோது எதிரே தெரு இல்லை. தரைக்கு அடியில் இருந்த கார் நிறுத்துமிடத்தில் தூசி படிந்த கார்கள் ஏழு நின்றன. ஒரு பூனை இருவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"கதவு எப்படிடா மாடியாகும்?"

"லிஸ்ட்டுல இருக்கேக்கா..."

"குடும்ப போட்டோவுல நீயும்தான் இருக்கே. அதுக்காக உன்னைப் பெரிய மனுஷன்னு எண்ணுறோமா?"

தம்பி பூனையைப் பார்த்தான், காரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். விலாசத்தின் கடைசியில் இருப்பது பக்கத்தின் பெயர், ஃபோல்டர் இல்லை. அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். புரிந்த மாதிரி இருந்தது. மேலே ஏறுவதற்குள் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியை வைத்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கும்படி ஒரு வரி சேர்த்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் கள்ளிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்றன.

"ஏன்டா சரியாச்சு?"

"கேட்காதேக்கா, ஓடிப்போயிடும்."

ஐந்து மணிக்கு நடுவர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். தலைமை நடுவர் முள் குத்தும் என்று திரையிலிருந்து நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாராம். அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த தம்பி, மன்றத்து வாசலில் நின்று படிகளைக் கண்ணால் எண்ணினான். ஐந்து. முன்ஜாக்கிரதையாக ஒன்றைக் கழித்துக்கொண்டு இறங்கினான்.

"கோப்பை பத்திரமாடா?" என்று கேட்டுக்கொண்டே அவனைத் தூக்கிவிட்டாள் அக்கா.