ஹாரனுக்கு வைத்த செட்டிங்

டிப்போவில் எனக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் இருக்கும் ஹாரனைவிட என் வாய்க்குச் சத்தம் அதிகமாம். எவன் வைத்தானோ, பத்து வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

கத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலையில் நான் பஸ்ஸில் ஏறினால் சீட் என் சீட்டாக இருக்காது. மாலை ஷிப்ட் ஓட்டுகிறவன் என் தோள் உயரம்தான் இருப்பான். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து, கண்ணாடி மூன்றையும் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பான். பத்து நிமிடம் ஆனாலும் சரி, அதையெல்லாம் என் உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றாமல் சாவியைத் தொட மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை மனைவியிடம் கொட்டுவேன்.

"அவரும் தினம் உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் சீட்டைப் பின்னாலருந்து இழுப்பாரு" என்பாள். வாயை அடைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவள் வெப்சைட் செய்கிறவள். பாப்பா பிறந்த பிறகு நாலு வருடம் வேலைக்குப் போகவில்லை. மறுபடி தேடியபோது ஒவ்வொரு ஆபீஸிலும் அந்த நாலு வருடத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஒரே ஒரு சின்ன ஆபீஸ் மட்டும், மூன்று மாதம் பார்க்கிறோம், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றது. மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கான முன்பதிவுப் பக்கத்தைச் செய்யக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது கை முறிந்து முழங்கைவரை மாவுக்கட்டு. இடது மணிக்கட்டு சுளுக்கி, துணிக்கட்டு. டீம் லீடர் அம்மா போனில் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"முடியலேன்னா விடுங்கம்மா, வேற ஆள்கிட்ட குடுத்துடறோம்."

போனை வைத்த பிறகு மனைவி சொன்னாள்: "இதை வேற ஆள்கிட்ட குடுத்தா என் வேலையையும் சேர்த்துக் குடுத்த மாதிரிதாங்க."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸை ரிவர்ஸில் சந்துக்குள் விடச் சொன்னால் விடுவேன். கீபோர்டில் நான் அடித்ததெல்லாம் லீவு லெட்டர் இரண்டுதான்.

இரண்டு நாள் லீவு போட்டேன். புதன்கிழமை பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். அவள் நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, மாத்திரை மயக்கத்தில் பாதி கண் மூடியபடி கம்ப்யூட்டருக்கான வரிகளை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்தினேன். எதை அடித்தாலும் பக்கத்தில் ஒரு பட்டியல் குதித்து வந்து நின்றது. அடுத்த வரிக்குப் போக எண்டர் தட்டினால் சில சமயம் போகாது. கீ மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இன்னொரு குத்து விடுவேன். மதியம் மூன்று மணிக்கு நூற்றுச் சொச்சம் வரி சேர்ந்தபோது எனக்கு லேசாகக் கர்வமே வந்துவிட்டது.

பக்கத்தைத் திறந்து பார்த்தோம். கர்வம் போன இடம் தெரியவில்லை. பெயர், தேதி என்று நிரப்புகிற பன்னிரண்டு பெட்டிகளும் கூட்ட நெரிசலில் இறங்கின ஜனம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் கத்தவில்லை. நானாக இருந்தால் தெருவே கேட்டிருக்கும். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, அந்தப் பட்டியல் வரும்போது நீங்க எதைத் தட்டினீங்க?" என்றாள்.

"எண்டர்தான். வரி முடிஞ்சா எண்டர்னு நீதானே சொன்னே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் இதுதான். இந்த வரிகளை அடிக்கிற சாப்ட்வேருக்கு எடிட்டர் என்று பெயர்; பாதி அடிக்கும்போதே அது மீதியை ஊகித்துப் பட்டியல் போடும். எண்டர் தட்டினால் முதலில் நிற்பதை எடுத்துப் போட்டுவிடும். நான் 'டேட்' என்று அடித்து எண்டர் தட்ட, அது 'டேட்-பாக்ஸ்' என்று நீட்டிக்கொண்டது. அப்படி நாற்பது இடம். பெயர் ஒன்று கிடக்க, வேறொன்றைத் தேடி அலைந்திருக்கிறது பக்கம்.

"தப்பு என்மேலதான்" என்றாள். "இது என் கைக்கு வச்ச செட்டிங். உங்க கைக்கு வைக்கல."

அதற்குள் மாத்திரை அவளைச் சாய்த்துவிட்டது; மறுபடி உட்கார்ந்தபோது வியாழன் காலை ஒன்பது மணி. இருப்பது ஏழு மணி நேரம். நேற்றைய வேலை முழுக்கக் குப்பை. இவள் என்ன சொல்கிறாள் என்றால், முதலில் ஒரு மணி நேரம் எடிட்டர் செட்டிங்கை மாற்ற வேண்டுமாம்.

"உனக்கென்ன மூளை கழண்டுடுச்சா? வீடு பத்தி எரியுது, நீ ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கலாங்கறே!"

ஹாரன் முழுச் சத்தத்தில் அடித்தது. நான் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"காலையில லேட்டாயிடுச்சுன்னா, அவரு இழுத்து வச்ச சீட்டுலயே உக்காந்து பஸ்ஸை எடுப்பீங்களா?"

மவுஸைக் கையில் எடுத்தேன்.

ஆயிரம் வரி இருக்கும் அந்தச் செட்டிங் பக்கத்தில் அவள் எதையும் தேடவில்லை. எது எங்கே இருக்கும் என்று சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். எண்டர் தட்டினால் இனி அடுத்த வரி மட்டும்தான். பட்டியல் தானாகக் குதிக்கக் கூடாது, நாம் கூப்பிட்டால் மட்டும் வரட்டும். வேறு இடத்தில் கிடக்கும் வார்த்தைகளை அள்ளிக்கொண்டு வரவே கூடாது. நேற்று முழுவதும் என்னை ஆட்டிவைத்த திரை, அடக்கமாக உட்கார்ந்துவிட்டது.

அதற்கப்புறம் செய்ததுதான் அபாரம். ஒரு பெட்டிக்கு ஆறு வரி வேண்டும். அந்த ஆறையும் ஒரே தடவை எழுதவைத்து, "இதுக்கு ஒரு பேரு சொல்லுங்க. உங்க வாயில சட்டுனு வர்ற பேரு" என்றாள்.

"பஸ்."

கேலி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. இனி நான் 'பஸ்' என்று இங்கிலீஷில் மூன்றெழுத்து அடித்து டேப் கீயைத் தட்டினால் போதும், ஆறு வரியும் வந்து நிற்கும். நிரப்ப வேண்டிய இடத்தில் கர்சர் போய் நிற்கும். அடித்து முடித்து இன்னொரு டேப் தட்டினால் அடுத்த இடம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு 'ஸ்டாப்' என்று வைத்தோம். டிக் அடிக்கும் கட்டத்துக்கு 'டிக்கெட்'. கடைசிப் பொத்தானுக்கு 'பிரேக்'.

கல்யாணமானதிலிருந்து எத்தனையோ தடவை இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயில் படாமல் சும்மா உட்காரும் வேலை என்றே நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியாத என் இரண்டு விரலுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வழி போட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை, மணி பத்தரை ஆகியிருந்தது.

பிறகு பிடித்தோம் பாருங்கள், ஒரு ஓட்டம்! பெயரும் அளவும் சொல்லிக்கொண்டே போவாள், நான் டேப் டேப் என்று தட்டிக்கொண்டே போவேன். மதியச் சாப்பாட்டைக்கூட அவளுக்கு ஊட்டிக்கொண்டே இடது கையால் அடித்தேன். இரண்டு மணிக்கு டீம் லீடர் அம்மாவின் அழைப்பு வந்ததும், ஸ்பீக்கரில் எடுத்ததும், வேலை வேகத்தில் எங்களுக்கே உறைக்கவில்லை.

"பஸ், பஸ், இன்னொரு பஸ். ஸ்டாப். டிக்கெட். இப்ப பிரேக் அடிங்க!"

"ஹலோ... ரோட்ல இருக்கீங்களாம்மா?" என்றது போன்.

எனக்கு வியர்த்துவிட்டது. அவள் மட்டும் அசரவில்லை. "இல்ல மேடம், பக்கம்தான் முடிச்சிட்டிருக்கோம். டைப் பண்றது என் வீட்டுக்காரரு. பஸ் டிரைவர்."

"நாலு மணிக்கு வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று மட்டும் சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டார்.

மூன்று நாற்பதுக்குப் பக்கத்தைத் திறந்தோம். பன்னிரண்டு பெட்டியும் வரிசையில் நின்றன. அவள் தன் சுளுக்கிய கையின் ஒற்றை விரலால் பொத்தானை அமுக்கினாள். 'உங்கள் முன்பதிவு ஏற்கப்பட்டது' என்று வந்தது. நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. நாலு மணிக்குள் எல்லாவற்றையும் செட்டிங்கோடு சேர்த்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோம்.

ஐந்து மணிக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டதாம். அவர் எங்கள் செட்டிங்கையும் திறந்து பார்த்திருக்கிறார். "தன் கைக்குச் செட்டிங் வைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. நீங்க அடுத்தவர் கைக்கு வச்சிருக்கீங்க. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் மத்தவங்க எழுதினதைப் பார்த்துச் சொல்லுங்க, போதும். வேலை உங்களுக்குத்தான்" என்றார். போனை வைத்த பிறகுதான் என் மனைவி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கையில்லை, நான் துடைத்துவிட்டேன்.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் பத்து விரலால் அடித்துக்கொண்டிருந்தாள். பட்டியல் கண் மூடித் திறப்பதற்குள் வந்து போயிற்று. பழைய வேகம், பழைய செட்டிங். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஏனோ சப்பென்று ஆகிவிட்டது.

"நம்ம பஸ்ஸையெல்லாம் அழிச்சிட்டியா?"

அவள் திரையின் மூலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆளுக்கொரு செட்டிங்காக இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவள் பெயர், இன்னொன்று 'ஹாரன்'. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். 'பிரேக்' என்று அடித்து டேப் தட்டினேன். பொத்தான் வந்து நின்றது.

"உங்க சீட்டை நான் எதுக்கு நகர்த்தப் போறேன்?" என்றாள்.

பதினான்கு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். நான் விட்டுப்போன இடத்திலேயே என் சீட் இருந்தது அன்றைக்குத்தான்.